ஒடெஸா வெட்டிய பத்தி

ஒடெஸா பெட்டிஃபோர்டுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். வட கரோலினாவில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பக்கத்து மேசையில் வருகைப்பதிவு என் வேலை. ஒருநாள் கத்திக்கொண்டு வந்த பள்ளி முதல்வரையே, "முதல்ல டையைச் சரி பண்ணுங்க, அப்புறம் திட்டலாம்" என்று அடக்கியவள். எங்கள் கறுப்பினப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வைத்தவள்.

அப்படிப்பட்டவளை ஒரு தீர்ப்பு ஆட்டிவிட்டது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வருடம் அது. இனி இனம் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் விண்ணப்பம் குப்பைக்குப் போய்விடும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். தீர்ப்பை அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. தொலைக்காட்சியில் நாலு பேர் கத்தியதைக் கேட்டோம், அவ்வளவுதான். பெரிய மேதாவிகள்!

அக்டோபரில் ஜனாயா லாசிட்டர் தன் கட்டுரையோடு வந்தாள். அவள் தாத்தா காலத்தில், கறுப்பர்கள் இறங்கிவிடக்கூடாது என்று ஊர் நீச்சல் குளத்தையே மண் கொட்டி மூடிவிட்டார்கள். அவள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாமல் போனது. மாமா ஏரியில் மூழ்கிச் செத்தார். இவள் பன்னிரண்டு வயதில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டு, இப்போது சனிக்கிழமைதோறும் முப்பது குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறாள். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

ஒடெஸா குளத்தை வெட்டினாள். மாமாவையும் வெட்டினாள். நீச்சல் பிடிக்கும், குழந்தைகள் பிடிக்கும் என்பது மட்டும் மிஞ்சியது. "இதுல நான் எங்கே இருக்கேன்?" என்று ஜனாயா மூன்று முறை கேட்டாள்.

"என்னை நம்பு கண்ணு, உன் நல்லதுக்குத்தான்" என்றாள் ஒடெஸா. நானும் பக்கத்திலிருந்து தலையாட்டினேன்.

மார்ச்சில் ஜனாயா விண்ணப்பித்த பல்கலைக்கழகத்திலிருந்து இடமில்லை என்று பதில் வந்தது. ஏப்ரலில் அதே பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, பிள்ளைகள் தீர்ப்பை மீறி இனம் பற்றி எதையும் எழுதாமல் பார்த்துக்கொண்டதை ஒடெஸா பெருமையாகச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை.

"இனத்துக்காக இடம் தரக்கூடாதுன்னுதானே தீர்ப்பு? தன் வாழ்க்கையில நடந்ததை எழுதலாமே மேடம். அதுக்குன்னே இந்த வருஷம் விண்ணப்பத்துல புதுசா ஒரு கேள்வி சேர்த்தோம்" என்றார்.

ஒடெஸா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். யாரும் கேட்காததை நாங்களாகவே வெட்டிக் கொடுத்திருக்கிறோம். இதை எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

மறுநாள் காலை ஜனாயாவைக் கூப்பிட்டு ஒடெஸா எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னோடது மட்டுந்தானா, மிஸ்?"

ஒடெஸா மெல்ல என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னபடி, அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து போன பத்தொன்பது கட்டுரைகளிலும் 'கறுப்பு' என்ற சொல்லைத் தேடித் தேடி அழித்தது நான்தான்.