ரயிலுக்குப் பதிலாக நான்

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். ஆனால் ரயிலாக நிற்கும் வேலை சுங்கை பினாங்கிலேயே என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எங்கள் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி அக்கரை ரயில்பாதைக்குப் போவேன். அங்கே தண்டவாளத்தில் கொஞ்சூண்டு மின்சாரம் ஓடும். அதன் கடைசியில் ரிசீவர் என்று ஒரு பெட்டி. ரயில் வந்தால் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும்; ரிசீவரில் வோல்ட் விழுந்து சிவப்பு விளக்கு எரியும். அதைச் சோதிக்க ரயிலையா கூப்பிட முடியும்? என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு முனையிலும் கவ்வி வைத்த வயரை நான் தண்டவாளத்துக்குக் குறுக்கே மாட்டுவேன். மீட்டரைப் பார்ப்பது மாதாகோயில் தெருத் தம்பி. என் வயதுக்குப் பாட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். தைரியம் கிடையாது, அக்கா என்பான்.

போன ஆயுத பூசைக்கு மறுநாள் மலாய்க்கார மேலதிகாரி அம்மா வந்தார். என் முதுகு இன்னும் வளைகிறதா என்று பார்க்கத்தான். வளையாவிட்டால் அடுத்த வருஷம் வேலை இல்லை.

"போடுங்கக்கா!"

"போட்டாச்சு!"

"சரியா போடுங்கக்கா!"

"போட்டாச்சுன்னு சொல்றேன்லா!"

"வோல்ட் இறங்கலியே. நீங்க அங்க இல்லாத மாதிரியே காட்டுது."

நான் இல்லையாம்! பாசாரில் என் தலை தெரிந்ததுமே மீன்காரன் விலையைக் குறைக்கிறான், இந்த மீட்டருக்குக் கண் தெரியவில்லை. கழற்றி மறுபடி குனிந்து மாட்டினேன். முதுகு வளைந்தது, வோல்ட் அசையவில்லை. அந்த அம்மா என் முதுகையே பார்த்தார்.

தம்பி வந்து கவ்வியின் பல்லைப் பிளந்தான். நகத்தால் சுரண்டி மோந்தான்.

"என்னக்கா, சந்தனமா?"

"பின்னே? பூசையன்னிக்கு ஆயுதத்துக்குப் பூசாம?"

"வெளியில பொட்டு வைக்கலாம்லா. பல்லு இடுக்குலயா அப்புவாங்க? காஞ்சு கட்டியாயிருச்சு, கரண்ட் எப்படிப் போகும்?"

"வேலை செய்யறது பல்லுதானே தம்பி!"

"எங்க மாதாவுக்குக்கூட இவ்ளோ தாராளம் கிடையாதுக்கா."

அவன் மலாயில் விளக்கிச் சொல்ல, அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மூன்றாம் முறையும் நானே குனிந்து மாட்டினேன்.

"விழுந்திருச்சுக்கா!"

மக்சிக் (நான்தான், மலாயில் பெரியம்மா) அடுத்த வருஷமும் வரட்டும், பல்லுக்குச் சந்தனம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

இனிமேல் கைப்பிடிக்கு மட்டும்தான் பொட்டு. ஆனாலும் அது தண்ணீர்மலைக் கோயில் பக்கம் நானே பார்த்து வாங்கிய சந்தனம். மின்சாரத்தையே மறித்ததென்றால் கலப்படமில்லாத சரக்குதானே?