நோணாங்குப்பத்துச் சங்குப் பாத்தி

நோணாங்குப்பத்தில் படகுத் துறைக்குப் போகும் வழியில், குமரனின் மூலிகைத் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறேன். சங்கின் சுருளைப் பார்த்து அவர் எழுப்பிய மண்மேடு அது. ஊற்றும் தண்ணீர் வழிந்து கீழே தங்குவதால், உச்சியில் வறட்சி தாங்கும் கற்பூரவல்லியும் அடியில் ஈரம் கேட்கும் புதினாவும் ஒரே பாத்தியில் வளர்கின்றன. புதினா விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்தப் புதினாவை மிதித்தபடி நான்கு பெண்கள் மேட்டை வலம் வருகிறார்கள். உச்சியில் மஞ்சளும் குங்குமமும். ஒருவர் செடிகளின் நடுவே கற்பூரம் ஏற்றுகிறார். இலைகள் கருகுகின்றன.

"யக்கா, அது சாமி இல்லக்கா, பாத்தி!" என்று குமரன் ஓடி வருகிறார்.

"வலம்புரியா தானா எழும்பி நிக்குது, சாமி இல்லியாம்!" என்கிறார் கற்பூரம் ஏற்றியவர்.

"தானா எங்க எழும்புச்சி? நான்தான் முதுகு ஒடிய மண்ணு கொட்டினேன்!"

யாரும் நிற்கவில்லை. குமரன் மண்வெட்டியை எடுத்துச் சுருளின் குறுக்கே ஓங்கி வெட்டுகிறார். பெண்கள் அலறுகிறார்கள். நானும் கத்திவிடுகிறேன்.

"பாத்திய மீன் முள்ளு மாதிரி மாத்திப் போடுறேன். அத்த யாரு கும்புடுறீங்கன்னு பாக்குறேன்!"

"கும்புட மாட்டோம் தம்பி, பறிச்சிக்கினு போயிடுவோம். சாமின்னுதான் இத்தினி நாளா ஒரு எலையக்கூட கிள்ளல."

குமரனின் மண்வெட்டி அந்தரத்தில் நிற்கிறது.