கூவி விற்ற முதல் பத்தி

விளம்பர ஆய்வுக் கட்டுரைக்குக் கதை வைத்து ஆரம்பம் எழுதுவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், முதல் வரியிலேயே கொட்டாவி விடும் வாத்தியாரிடம் மாட்டாத பாக்கியசாலிகள்.

மாட்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஜமுனாமரத்தூர் சந்தையில் தேனும் சாமையும் கூவி விற்றவள் நான். படிப்பு எட்டாவது. அப்புறம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டேன். காலேஜ் பிள்ளைகள் டைப் அடிக்க வருவார்கள். ரோட்டில் பஸ் சத்தம், உள்ளே என் சத்தம். நல்ல நாட்கள்.

நவீன உலகில் தேன்

ஒருநாள் குமுதா, காலேஜ் மேடம் திருப்பி அனுப்பிய கட்டுரையோடு வந்தாள். மூன்றே நாளில் முகம் பளபளக்கும் என்ற ஒரு சோப்பு விளம்பரத்தைப் பற்றியது. ‘இன்றைய நவீன உலகில் விளம்பரம்’ என்று ஆரம்பித்திருந்தாள். எனக்கு ஏறிவிட்டது. “‘இன்றைய நவீன உலகில் தேன்’னு கூவினா சந்தையில எவன்டி நிப்பான்?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நீங்களே எழுதிக் குடுங்கக்கா. இன்னொரு தபா திரும்பி வந்தா இந்தப் பேப்பர் போய்டும். போச்சுன்னா, படிச்சது போதும், வூட்டுக்கு வந்துடுன்றாரு அப்பா.”

சரக்கைக் குறை சொல்லாதவள்

எழுதினேன். மலை பஸ்ஸில் புழுதியோடு இறங்கும் பெண், அந்த சோப்பு, ஒரு குளியல், பளபளவென்று முகம், கையில் வேலை. படித்தால் எவரும் கடைக்கு ஓடுவார்கள். அதுதான் தப்பு; விளம்பரத்தை ஆராயச் சொன்னால், நான் இன்னொரு விளம்பரம் எழுதியிருந்தேன். கையில் இருக்கும் சரக்கைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லையே!

கட்டுரை மறுபடி திரும்பி வந்தது. “உங்க மேடத்துக்கு இன்னாடி தெரியும்?” என்று நான் கத்தியதில், ஜெராக்ஸுக்கு நின்றவர் ரேஷன் கார்டைப் பொத்திக்கொண்டார். பிறகு குமுதாவின் போனை வாங்கி மேடத்திடமே பேசினேன். கடைசி வாய்ப்பு, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். நான் அடுத்த புதன் கேட்டு, திங்களில் படிய வைத்தேன். போனை வைப்பதற்கு முன் மேடம் சொன்னார்: “எழுதினது யாருன்னு புரியுதுங்க. திங்கக்கிழமை இதே சோப்பை மறுபடி எங்கிட்ட விக்காதீங்க.”

வாங்கினவள்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. எரிச்சலில், “நீ இந்த சோப்பு வாங்கியிருக்கியாடி?” என்றேன்.

குமுதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். காலேஜில் சேருவதற்கு முந்தின வாரம் வாங்கினாளாம். மூன்று நாள் தேய்த்தாளாம். நாலாவது நாள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாளாம். விற்கிற கதை ஆயிரம் தெரிந்த எனக்கு, வாங்கினவள் கதையை அதுவரை கேட்கத் தோன்றியதில்லை. அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

திங்கள் மத்தியானம் போன் வந்தது. “எடுத்துக்கிட்டாங்கக்கா! முதல் பத்தி படிச்சதும் மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு, ‘நானும் வாங்கினேன்மா’ன்னாங்க.”

இப்போதெல்லாம் பிள்ளைகள் ஆரம்பத்தையும் போனில் இருக்கும் ஏஐயிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நானோ, வாழ்நாளெல்லாம் கூவிவிட்டு, வாயை மூடியிருந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கூவிக்கொண்டிருக்கிறேன்.