ஆங்கில ஆறுதலும் பன்னிரண்டு தகரமும்

‘டோன்ட் வொறி’ என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் புளித்த ஏப்பம் வருகிறது. விடத்தல்தீவில் ஒரே காலையில் அதைப் பதினான்கு முறை தமிழில் சொன்னவன் நான். எண்ணிக்கொண்டுதான் சொன்னேன். பஸ்ஸில்கூட சன்னல்களை எண்ணாமல் ஏற மாட்டாதவன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இடம்பெயருமுன் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்ததால் ஊரில் எனக்குக் ‘கிளாக்கர்’ என்று பெயர். வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனமொன்றிலிருந்து வந்த வெளிநாட்டுப் பெண் அதிகாரிக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. கூப்பிட்டார்கள். மினுக்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பெருமையாகத்தான் போனேன்.

அந்த அம்மாவுக்குக் கெட்ட மனமில்லை. கொட்டில் வாசலில் குந்துவார், கையைப் பிடிப்பார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகு தொடங்கும். ‘டோன்ட் வொறி.’ ‘வீ ஆர் ஹியர் ஃபோர் யூ.’ ‘யூ ஆர் நொட் அலோன்.’ மொத்தம் ஒன்பது வசனங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் அதே ஒன்பது, கிணறு உப்பானவனுக்கும் அதே ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஒரே குரல், பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு விதவை இருந்தாள். நண்டு தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துபோனதால் வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பன்னிரண்டு தகரம் போட்ட கொட்டிலில் இருந்தாள். மாரி மழைக்கு முன் வீடு கிடைக்குமா என்று கேட்டாள். அதிகாரி அவள் கையைத் தடவி, ‘டோன்ட் வொறி, வீ வில் டேக் கெயார் ஒஃப் இற்’ என்றார்.

நான் தமிழில் சொன்னது இது: “யோசிக்காதை பிள்ளை. மாரிக்கு முன்னம் வீட்டு அலுவலை முடிச்சுத் தருவினமாம்.”

மாரிக்கு முன் என்று அவர் சொல்லவில்லை. முடித்துத் தருவதாகவும் சொல்லவில்லை. அந்த வசனத்தை அப்படியே தமிழில் வைத்தால் அது மொட்டையாக நின்றது. எங்கள் ஊரில் ‘பாக்கிறன்’ என்று ஒருவர் சொன்னால், எப்ப, எப்பிடி என்று உடனே கேட்பார்கள். கேட்குமுன் பதிலை நானே ஒட்டிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் தகரங்களைக் கழற்றி நண்டு லொறியில் ஏற்றுவதைப் பார்த்தேன். ஓலைத்தொடுவாயில் அவளுடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. பெரியம்மாவின் சீராம்.

“கூரையைக் கழட்டிப்போட்டு எங்கை படுக்கப்போறாய்?” என்றேன்.

“ஓலை கட்டுறன், ஐயா. புது வீட்டுக்கு ஓடெல்லோ போடுவினம். உந்தத் தகரத்திலை கோழிக்கூடோ கட்டுறது?” என்று சிரித்தாள். “கிளாக்கர் வாயாலை வந்த சொல்லெல்லோ!”

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது. அதிகாரிமேல் வந்த அருவருப்பு இதற்குப் பிந்தியது.

தகரம் போன முப்பத்தாறாம் நாள் மழை பிடித்தது. ஓலை பதினொரு இடத்தில் ஒழுகியது. அதிகாரி மறுபடி வந்து, நனைந்த பாய்க்குப் பக்கத்தில் குந்தி, அவள் வேதனை தனக்கு முற்றாக விளங்குகிறது என்றார், அவள் மிகவும் தைரியசாலி என்றார், நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு நிமிடம் பேசினார்.

“என்னவாம்?” என்றாள் அவள்.

“ஒண்டுமில்லை.”

“இவ்வளவு நேரம் கதைச்சவா!”

“கதைச்சவாதான்.”

“வீடு வருமோ, வராதோ? அதை மட்டும் கேளுங்கோ, ஐயா.”

கேட்டேன். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரியின் முகம் சிவந்தது. ‘வீ ஆர் டூயிங் அவர் பெஸ்ட்’ என்றார்.

“வராது,” என்றேன் அவளிடம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழும்பிச் சேலையை உதறினாள். “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே,” என்றாள். “இனி என்ன மூஞ்சியோடை தகரம் கேக்கிறது?”

மறுநாள் அவளோடு நானும் ஓலைத்தொடுவாய்க்குப் போனேன், இரண்டு பஸ் மாறி. தங்கை வாசலிலேயே மறித்தாள். “சீர் குடுத்திட்டுத் திருப்பிக் கேக்கிறியோ அக்கா? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா காறித் துப்புவினம்.”



“பிழை அவவிலை இல்லை,” என்றேன். “வராத வீட்டை வரும் எண்டு சொன்னது நான். அந்த வெள்ளைக்காரி சொல்லேல்லை. நான்தான் கூட்டிச் சொன்னனான்.”

தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். “படிச்ச மனிசன்!” என்று நிலத்தில் துப்பினாள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

தங்கையின் மருமகப் பெடியன்தான் ஏணியை எடுத்தான். ஏழு தகரம் கழற்றித் தந்தான். ஐந்து அங்கேயே நின்றது.

ஏழிலும் அறுபத்து மூன்று ஆணி ஓட்டைகள் இருந்தன. அடுத்த நாள் வானம் கறுத்துக் கிடக்க, நான் அவள் கொட்டிலில் ஏறித் தகரங்களைப் போட்டு, ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். தகரம் விரலை இரண்டு இடத்தில் வெட்டியது. அவள் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள்.

“இன்னும் எத்தினை, ஐயா?”

“இருபத்திரண்டு.”

மழைக்கு முன் முடியுமா என்று அவள் கேட்கவில்லை. முடியும் என்று நானும் சொல்லவில்லை.