பச்சை முடிச்சு

அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் பக்கத்து மருந்துக்கடைக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். முடிச்சக்கா என்று கேட்டால் போதும், வேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கூட்டிவந்து விடுவார்.

பத்தடி அகலத்தில் ஒரு பொட்டிக். பெண்களுக்கான உடைகள் மட்டும். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு பெரிய துணிக்கடையில் கால் கடுக்க நின்றவள் முடிச்சக்கா. அங்கே ஒருநாள் ட்ரையல் ரூமுக்குள் ஒருத்தி, சட்டைக் கழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்து விசும்பி அழுதாள். உடம்பு பிள்ளை பெறும், வயசாகும், அதற்கு ஒரு துண்டுச் சீட்டு மதிப்பெண் போடுவதா என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக் கடை போட்டதும் முதல் வேலையாக எல்லா உடையிலும் சைஸ் சீட்டைக் கத்தரித்து எறிந்தாள். பதிலுக்குக் கழுத்தின் உட்புறம் சின்னதாக ஒரு நூல் முடிச்சு. நீலம் சின்ன அளவு. அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் மஞ்சள், என் ஓரகத்தி நீலம், எவ்வளவு தின்றாலும் அவளுக்கு ஒட்டாது என்று பெண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

இதில் முடிச்சக்கா ஒரே ஒரு பொய் வைத்திருந்தாள். அது தபாலாபீஸ் கவுண்ட்டரில் உட்காரும் அம்மாவுக்காக. கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து பச்சை வாங்கியவள் அவள். வருடம் ஓட ஓட மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்கு வந்துவிட்டாள். முடிச்சு மட்டும் பச்சையிலேயே நின்றது. பன்னிரண்டு வருஷமாக நான் பச்சைதான் என்று அந்த அம்மா கண்ணாடி முன் நின்று பூரிக்கும்போது அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? முடிச்சக்கா சிவப்பு அளவு உடைகளில் பச்சை முடிச்சைப் போட்டு, அவளுக்கென்று பின்னறை அலமாரியில் தனியாக வைப்பாள். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இது ஏமாற்று வேலைதானே என்று கேட்கிறவர்கள் போய் வேறு சோலியைப் பார்க்கலாம்.

வினை கண்வலியாக வந்தது. வெளிச்சத்தில் தலைகாட்ட முடியாமல் நாலு நாள் கடையை நாத்தனாரிடம் விட்டாள். நாத்தனார் தங்கமான மனுஷி, வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. தபாலாபீஸ் அம்மா அந்த நேரம் பார்த்து, தன் பணி ஓய்வு விழாவுக்குக் கவுன் வாங்க வந்தாள். நாத்தனார் வெளியே தொங்கிய நிஜப் பச்சையை எடுத்துக் கொடுத்தாள். அது தோளில் சிக்கி, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. கத்தரி போட்டுத்தான் மீட்க வேண்டியதாயிற்று. அதோடு விட்டாளா? டேப்பை எடுத்து அளந்து, கடையில் இருந்த மூன்று பேர் காதிலும் விழும்படி, "நீங்க பச்சையே இல்லீங்க, சிவப்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா படி இறங்கிப் போய்விட்டாள்.

நாத்தனார் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி போனில் சொன்னாள். முடிச்சக்காவுக்கு ஒரு கவுன் விற்காதது பெரிதில்லை. பன்னிரண்டு வருடம் நம்பியவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

விழா வெள்ளிக்கிழமை. வியாழன் மதியம்வரை அந்த அம்மா கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முடிச்சக்கா வீங்கிய கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தாள். அவளுக்காக எடுத்துவைத்த கருநீலக் கவுனில் பச்சையைப் பிரிக்கச் சொல்லி, நாத்தனார் கையாலேயே சிவப்பைப் போடச் சொன்னாள். இனி பொய் வேண்டாம் என்று முடிவு.

தபாலாபீஸில் ஒன்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பொட்டலத்தை உள்ளே தள்ளினாள். அந்த அம்மா நிமிராமலே வாங்கித் தராசில் வைத்து, எந்த ஊருக்கு என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தாம்மா."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை அவள் தொடங்குவதற்குள், அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்து, கவுனின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பைக் கண்டதும் முகம் வாடிப்போயிற்று.

"இதுக்குப் பயந்துதான் நான் வரல" என்றாள். "உள்ள பெரிய பார்சல் நிறுக்கிற மெஷின் இருக்கு. மாசாமாசம் அதுல ஏறி நிக்கிறவ நான். எனக்கா தெரியாது? நான் பச்சை இல்லன்னு எட்டு வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே. வீட்டுல நான் என்ன போட்டிருக்கேன்னு நிமிர்ந்து பாக்க ஆளில்ல. எனக்காக ஒருத்தி உக்காந்து முடிச்சைப் பிரிச்சுப் போடுறா. அதை நானே கெடுத்துக்குவேனா?"

முடிச்சக்காவுக்குக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. கண்வலி என்று சமாளிக்க வசதியாகத்தான் இருந்தது. கவுனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையில் ஊசி நூல் இல்லாமல் அவள் வீட்டைவிட்டு இறங்கியதே கிடையாது. தடவித் தடவிச் சிவப்பைப் பிரித்துவிட்டாள். பச்சை நூலைக் கோர்க்கத்தான் முடியவில்லை. கண் கலங்கிக் கலங்கி, ஊசிக்காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கவுண்ட்டரில் மூடியிருக்கிறது என்ற பலகை ஏறியது. வரிசை முணுமுணுத்தது; ஒருவர் மேலதிகாரியிடம் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த அம்மா அதையெல்லாம் காதில் வாங்காமல் வெளியே வந்து, முடிச்சக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நூல்முனையை வாயில் வைத்து நனைத்து, ஊசியைக் கோர்த்துக் கொடுத்தாள்.