தோற்கப் போன ஞாயிற்றுக்கிழமை

நான்கு வருடங்களுக்கு முன்பு திருமுல்லைவாயிலில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். மிஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி. நான் அவ்வளவு கூச்சப்படுகிறவன். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் முதலில் கிளம்புகிற ஆள் நான்தான்.

எனக்கும் மூன்று சிநேகிதர்கள் கிடைத்தார்கள். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர், ஒரு வெல்டர், ஒரு தையல்காரர். மூவரும் என்னைவிட இளையவர்கள். ஞாயிறு மதியம் ஆட்டோக்காரர் வீட்டு மாடியில் மூணு சீட்டு ஆடுவோம். ஆளுக்கு மூன்று சீட்டு. பிடிக்காதவர் கவிழ்த்துவிடலாம், பிடித்தவர் நடுவில் பணம் வைத்துக்கொண்டே போகலாம். மற்ற எல்லோரும் பயந்து கவிழ்த்துவிட்டால், மிச்சமிருப்பவர் தன் சீட்டைக் காட்டாமலே அத்தனையையும் எடுத்துக்கொள்ளலாம். சில்லறைக்குப் பதில் தீக்குச்சிதான். ஒரு குச்சி ஐந்து ரூபாய். சீட்டுப் போடும் முன்பே ஆளுக்கு ஒரு குச்சி நடுவில் வைத்துவிட வேண்டும். கடைசியில் எண்ணிப் பார்த்து, போனில் அனுப்பிக்கொள்வோம்.

எனக்கு அந்த ஆட்டம் பிடித்ததற்குக் காரணம், அதில் பேச வேண்டியதில்லை என்பதுதான். நானாக ஒரு முறையையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பத்து ஆட்டத்தில் எட்டில் கவிழ்த்துவிடுவேன். நல்ல சீட்டு வந்தால் மட்டுமே மேற்கொண்டு குச்சி வைப்பேன். ஜெயித்தாலும் என்ன சீட்டு என்று காட்ட மாட்டேன், அப்படியே கட்டுக்குள் சொருகிவிடுவேன். அவர்களோ கதை பேசிக்கொண்டு, சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குச்சியை எறிவார்கள். தோற்றால் சிரிப்பார்கள். விவரமில்லாத பசங்க என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். வாராவாரம் இருநூறு, முந்நூறு என்று என் கைக்குத்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டோக்காரர் வழியில் வண்டியை நிறுத்தி, “சீட்ட வுட்டாச்சு அண்ணாத்தே. ஊட்ல ஒரே சண்ட” என்றார். நம்பினேன். மூன்று ஞாயிறு மதியம் டிவி முன்னால் படுத்துக் கிடந்தேன். நான்காவது ஞாயிறு காலை, கறிக் கடையில் ஆட்டோக்காரரின் மனைவியைப் பார்த்தேன்.

“இன்னாண்ணே, நீங்க போறதில்லையா? இப்பல்லாம் டைலர் ஊட்லதான ஆடுறாங்க” என்றார் அவர், கள்ளம் இல்லாமல்.

கறியை வாங்கிக்கொண்டு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அவர்கள் ஏன் என்னை விட்டுவிட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாராவாரம் அவர்கள் காசை நான் அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம் என்று, யோசித்தால் எனக்கே புரிந்தது. அந்த மூன்று பேரை விட்டால், வீட்டுக்கு வெளியே நான் போய் உட்கார இந்த உலகத்தில் வேறு இடம் கிடையாது. ஒரு முடிவுக்கு வந்தேன். இன்றைக்குப் போவது, ஐந்நூறு ரூபாய் தோற்பது, அவர்களைச் சந்தோஷப்படுத்திவிட்டு வருவது.

தையல்காரர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது வெல்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். “டேய், அண்ணாத்தே வந்துகீறாருடா.” உள்ளே சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. தையல்காரர்தான் எழுந்து, “வா நைனா, உக்காரு” என்று பாயில் இடம் விட்டார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் ஆட்டத்தில் எனக்கு மட்டமான சீட்டு. நல்லதாகப் போயிற்று என்று நான்கு குச்சி வைத்தேன். உடனே மூவரும் கவிழ்த்துவிட்டார்கள். குச்சியெல்லாம் என் பக்கம் வந்தது. அடுத்த ஆட்டத்திலும் மட்டம்தான். ஆறு வைத்தேன். “இவரு வச்சா நமக்கு வேணாம்பா” என்று மறுபடியும் கவிழ்த்தார்கள். நான் வைத்தாலே நல்ல சீட்டுதான் என்று வருடக்கணக்கில் நானே அவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தேன். தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் என் முன்னால் குச்சி குவிந்துவிட்டது. ஆட்டோக்காரர் கொட்டாவி விட்டார். தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வந்து ஆட்டத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அடுத்து எனக்கு வந்தது இரண்டு, மூன்று, ஐந்து. மூன்றும் வேறு வேறு ஜாதி. அதைவிடக் கேவலமான சீட்டு கட்டிலேயே கிடையாது. இந்தத் தடவை கட்டாயம் தோற்றாக வேண்டும் என்று குவியலில் பாதியைத் தள்ளி வைத்தேன். இரண்டு பேர் உடனே கவிழ்த்தார்கள். வெல்டர் மட்டும் தன் சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

“இந்த மனுசன் சும்மா வைக்க மாட்டாருடா” என்று அவரும் வீசிவிட்டார். “போதும் மாமே, டீ குடிச்சிட்டுக் கெளம்பலாம்.”

அவர் சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். என் கை வழக்கம்போல என் சீட்டைக் கட்டுக்குள் சொருகப் போனது. பாதியில் நிறுத்தினேன். மூன்றையும் பாயில் திருப்பி வைத்தேன்.

மூவரும் பாயின் மேல் குனிந்து பார்த்தார்கள்.

“அடப்பாவி!” வெல்டர் எழுந்தே நின்றுவிட்டார். “ரெண்டு ஆஸு, அம்மாம் பெரிய சீட்ட வச்சுகினு கவுத்துட்டேன்டா நான்! இத்த வச்சுகினா இம்மாங் குச்சி தள்ளுன?”

“தோக்கலாம்னுதான் வந்தேன்” என்றேன். “நீங்க எங்க தோக்க வுடுறீங்க?”

ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்: “கோச்சுக்காத அண்ணாத்தே. நீ சீட்டா ஆடுன? பரீட்ச எழுதுற மாரியில்ல குந்தினு இருந்த! பக்கத்துல உக்காரவே பயமா இருந்துச்சு.”

என்னையும் அறியாமல் நானும் சிரித்தேன். டீ வந்தது. கட்டை மறுபடி கலைத்தார்கள். விளக்குப் போடும் வரை ஆடினோம். அன்று நான் கொண்டுபோன ஐந்நூறும் போய், மேலே நூற்றைம்பதும் போயிற்று. வீட்டில் அதற்குத் திட்டும் வாங்கினேன்.

இப்போது என் முகத்தை யாரும் நம்புவதில்லை. நான் குச்சி வைத்தால் போதும், “காட்டு, காட்டு, இன்னா வச்சினுகீற” என்று வெல்டர் பிடித்துக்கொள்கிறார். எனக்கு நிஜமாகவே நல்ல சீட்டு வந்த நாளில் அவர் அப்படி மாட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு வாரம் வருகிறது, ஒரு வாரம் போகிறது. பழைய லாபமெல்லாம் கிடையாது. நண்பர்கள் வீட்டில் ஆடும்போது, ஜெயிக்கிற நமக்கு இருப்பது போலவே தோற்கிறவர்களுக்கும் அந்த மதியம் நன்றாக இருக்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏற இத்தனை வயதாகிவிட்டது. ஞாயிறு இரண்டு மணிக்கு யாராவது போன் போட்டு, “இன்னும் இன்னா பண்ணினுகீற, வா” என்று அதட்டும்போது, ஐம்பதைத் தாண்டிய எனக்கு இன்றைக்கும் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றுகிறது.