சர்மிடி கொண்டுபோன உப்புத்தண்ணீர்

வொனோச்சோலோ குன்றில் கச்சா எண்ணெய் இறைப்பவர்களில் சர்மிடிக்குத்தான் வாய் அதிகம். சக்கரம் கழற்றிய பழைய லாரியின் எஞ்சினை முடுக்கி, எண்ணெய் மொள்ளக் கிணற்றுக்குள் இறக்கிய நீண்ட இரும்புக் குழாயைக் கம்பிவடத்தால் இழுப்பது அவர் வேலை. இருபது வருடமாக அதுதான்.

மகள் ரெத்னோவின் நான்காம் வகுப்பில், பெற்றோர் தம் தொழிலைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். சர்மிடி விசேஷத்துக்குப் போடும் பூவேலைப் பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு போய், எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். பிள்ளைகள் சொக்கிப்போனார்கள்.

"ஐயா, எண்ணெய் எப்படி மண்ணுக்குள்ள வந்துச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"டைனோசர் செத்து உருகினதும்மா. பீப்பாய்க்கு ஒரு டைனோசர்."

ரெத்னோ எழுந்தாள். "இல்லப்பா. கடல்ல இருந்த பொடிப்பொடி உயிருங்க. செத்து அடியில படிஞ்சு, மேல சேறு மூடி, காத்துப் படாம, கோடி கோடி வருஷம் சூட்டுலயும் அழுத்தத்துலயும் கிடந்துதான் எண்ணெயாச்சு."

"கடலா? சுத்திலும் தேக்குக் காடு. கடலப் பாக்கணும்னா வண்டியில எவ்ளோ தூரம் போகணும், தெரியுமா?"

வகுப்பு சிரித்தது. யாரைப் பார்த்து என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் மேலே வந்த குழாய், வழக்கம்போல எண்ணெயோடு தண்ணீரையும் கொட்டியது. உதட்டில் தெறித்ததைத் துப்பினார். உப்புக் கரித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்னய்யா, வடம் அறுந்துடுச்சா?" என்றான் கூட்டாளி பர்ஜோ.

"இந்தத் தண்ணி ஏன் உப்பா இருக்கு?"

"இருபது வருஷமாத் துப்பிட்டு, இப்பக் கேக்குற."

ஞாயிறு முழுக்க மகளின் பாடப்புத்தகத்தில் இருந்ததை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். திங்கட்கிழமை, யாரும் அழைக்காமலேயே, எண்ணெயும் தண்ணீருமாக நிரப்பிய ஒரு கண்ணாடிப் புட்டியோடு வகுப்பு வாசலில் நின்றார்.

"ரெத்னோ சொன்னதுதான் சரி. நான் உளறிட்டேன்," என்றார் எடுத்த எடுப்பில். "இது எங்க கிணத்துத் தண்ணி. பழைய கடலோடது, கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு. இப்பப் பாருங்க."

புட்டியைக் குலுக்கி மேசையில் வைத்தார். கலங்கிய கறுப்பு எண்ணெய் மெல்ல மெல்லப் பிரிந்து தண்ணீருக்கு மேலே ஏறியது.

"பூமிக்குள்ளயும் இப்படித்தான். கல்லு இடுக்கு வழியா எண்ணெய் மேல ஏறும். கெட்டிப் பாறை குறுக்க வந்தா அங்கயே தேங்கிடும். அதைத்தான் நாங்க இறைக்கிறோம்."

பள்ளி விட்டதும் ரெத்னோ மோட்டார் சைக்கிளில் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

"நிலக்கரி எப்படி வந்துச்சுன்னு தெரியுமாப்பா?"

"தெரியாது. சொல்லு."

சதுப்புக் காட்டு மரங்கள் சேற்றில் புதைந்ததிலிருந்து ஆரம்பித்தாள். சர்மிடி நன்றாகக் கேட்பதற்காக வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.